முறையாகப் பிறந்தவன்

வெல்பரோ பண்ணை,
1356, புனித மிக்கேல் திருநாளுக்கு அடுத்த திங்கள்

அண்ணன் ஹாமோவுக்குத் தம்பி கில்பர்ட் எழுதுவது.

இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சுகம் விசாரிக்காமல் கடிதம் தொடங்கக் கூடாது என்று ஆஸ்பர்ட் சாமி சொல்வதால் விசாரிக்கிறேன். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது நம் ஊர்க் கோயில் சாமியார்தான்.

நீங்கள் இருக்கும் இடத்தைக் காரியஸ்தர் ஓடோ கண்டுபிடித்துவிட்டார். நான் சொல்லவில்லை. வென்ஸ்போர்ட் சந்தைக்குப் போய் வந்த நம் ஊர் வண்டிக்காரன் ஒருவன் இங்கே பீர்க் கடையில் உளறிவிட்டான். "உங்கண்ணன் பெரிய ஆளாயிட்டாண்டா. கம்பளி அடிக்கிற ஆலை, தண்ணிச் சக்கரம், கூலிக்கு ஆளுன்னு அமர்க்களமா இருக்கான்" என்று என்னிடமே சொன்னான். பீர்க் கடைப் பேச்சு பண்ணை வீட்டுக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகாது.

நகரத்துக்குள் ஒரு வருஷமும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்தால் பண்ணையாள் விடுதலையாகிவிடுவான் என்று நம்பித்தானே கொள்ளைநோய் வருஷத்தில் ஓடினீர்கள்? ஓடோ சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்கண்ணன் குடியிருக்கறது ஆத்துக்கு இந்தக் கரை. நகரத்து மதில் அந்தக் கரையில. எத்தன வருஷம் இருந்தாலும் அவன் எங்க ஆளுதான்." வாடகை குறைவு என்று மதிலுக்கு வெளியே குடியேறியிருப்பீர்கள். உங்கள் சிக்கனப் புத்தி எனக்குத் தெரியாதா?

நம் பண்ணைப் பிரபு வழக்குப் போட்டிருக்கிறார். தவக்காலத்தில் அரச நீதிபதி வரும்போது விசாரணை. ஓடிப்போனவன் பண்ணையாள்தான் என்று நிரூபிக்க அவனுடைய ஆண்வழிச் சொந்தம் ஒருவன் நீதிமன்றத்தில் நின்று, "நானும் பண்ணையாள், இவன் என் ரத்தம்" என்று ஒப்புக்கொள்ள வேண்டுமாம். பெரியப்பா வீடும் சித்தப்பா வீடும் கொள்ளைநோயில் அடியோடு போய்விட்டன. மிச்சம் இருப்பது நான் ஒருவன். நான் நிற்கப்போகிறேன்.

பிரபு ஜெயித்தால் ஆலையும் சக்கரமும் சட்டி பானையும் அவருக்கு. பண்ணையாளுக்கு ஏது சொந்தம்? உங்கள் மனைவியும் குழந்தையும் இங்கே வர வேண்டும். நீங்களாகவே முன்னால் வந்துவிட்டால் ஓடோ கொஞ்சம் இரக்கம் காட்டுவாராம். வேலை நிறையக் கிடக்கிறது.

அம்மா நன்றாக இருக்கிறாள்.

கில்பர்ட்


வென்ஸ்போர்ட், ஆற்றங்கரை
புனித லூக்காஸ் திருநாள்

தம்பி கில்பர்ட்டுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ எழுதவே இல்லை. இந்தக் கடிதத்தை என் மனைவி கிளாரிஸ் எழுதுகிறாள். அவள் பத்திரம் எழுதுகிறவரின் மகள். அவளுக்கு உன்னைத் தெரியாது. உன் கடிதத்தை வாசித்துவிட்டு, "இவர் உங்க தம்பியா, ஓடோவோட தம்பியா?" என்று கேட்டாள்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். ஓடோவின் இரக்கத்தை நானும் பார்த்திருக்கிறேன், என் முதுகும் பார்த்திருக்கிறது. மதில் விஷயம் உண்மைதான். தண்ணீர்ச் சக்கரத்தை மதிலுக்குள் எங்கே வைப்பது? ஆறு வெளியேதானே ஓடுகிறது. நகரத்துக்கு வரி கட்டினேன், நகரத்துத் திருவிழாவில் தேர் இழுத்தேன், அதனால் நகரத்தான் ஆகிவிட்டேன் என்று நினைத்தேன். முட்டாள்தனம்தான்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். விசாரணை நாளில் உனக்குக் காய்ச்சல் வரட்டும். நீ வராவிட்டால் வழக்கு விழுந்துவிடும் என்று என் வக்கீல் சொல்கிறார். ஏழு வருஷமாக நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. எங்கள் மகளுக்கு ஆவிஸ் என்று அம்மாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். அம்மாவிடம் சொல்.

ஹாமோ


வெல்பரோ
புனித மார்ட்டின் திருநாளுக்கு முந்திய நாள்

அண்ணனுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பேத்தியின் பெயரைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

காய்ச்சல் வராது. எனக்குக் காய்ச்சல் வர நேரம் கிடையாது. நீங்கள் போனதிலிருந்து பிரபு நிலத்தில் உங்கள் பங்கு முறைவேலையும் என் தலையில்தான். திங்கள், புதன், வெள்ளி அவருக்கு. மழை பெய்யாத நாளெல்லாம் அவருக்கு. மழை பெய்கிற நாள் எனக்கு. ஏழு வருஷமாக எதுவும் கேட்கவில்லை என்கிறீர்கள். ஏழு வருஷமாக எதுவும் கொடுக்கவும் இல்லை. அப்பாவைப் புதைத்த மண் காய்வதற்குள் கிளம்பினீர்கள். காரியஸ்தர் வந்து சாவுவரியாக நம் தொழுவத்தின் நல்ல மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனபோது கயிற்றை எடுத்துக் கொடுத்தது நான்.

இந்த வருஷம் அறுவடையில் நடந்ததைக் கேளுங்கள். அன்பு அறுவடை அன்று பிரபு ரொட்டியும் இறைச்சியும் பீரும் போட வேண்டும், நாம் ஒரு நாள் அன்பாக அறுத்துக் கொடுக்க வேண்டும். காலம்காலமாக உள்ள வழக்கம். ஓடோ இந்தத் தடவை பீருக்குப் பதிலாகத் தண்ணீர் வைத்தார். மொத்த ஊரும் வேலி ஓரம் போய் உட்கார்ந்துவிட்டது. "தண்ணிக்கு எங்க வீட்டுக் கிணறு போதும், நீங்களே அறுத்துக்குங்க" என்றாள் மாபில். முன்பானால் சவுக்கு பேசும். ஓடோ வாயை மூடிக்கொண்டு பீர்ப் பீப்பாயை வரவழைத்தார். வெளியூரிலிருந்து வந்த கூலிக்காரர்கள் சட்டம் வைத்த வரம்புக்கு மேலே கூலி கேட்டார்கள். அதையும் கொடுத்தார். எனக்கு ஒன்றும் கிடையாது. நான் பண்ணையாள்.

அப்பாவின் நிலம் முழுவதையும் என் பெயருக்கு எழுதி முறைவேலையைப் பாதியாக்குவதாக ஓடோ வாக்குக் கொடுத்திருக்கிறார். இல்லாவிட்டால் நிலமே போய்விடும். நீங்கள் என்னிடம் என்ன கேட்கிறீர்கள் என்று இப்போது புரிகிறதா?

கில்பர்ட்

(எழுதிய ஆஸ்பர்ட் சேர்ப்பது: உங்கள் தம்பி இன்னும் சில சொற்கள் சொன்னான். கோயில் மையில் அவற்றை எழுதக் கூடாது என்று விட்டுவிட்டேன்.)


வென்ஸ்போர்ட்
கிறிஸ்து பிறப்புக்கு முந்திய வாரம்

தம்பிக்கு,

நலம். எல்லோரும் நலமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

மொத்த ஊரும் வேலி ஓரம் உட்கார்ந்ததும் ஓடோ பீர் கொண்டுவந்தார் என்கிறாய். அதைப் புகாராக எழுதுகிறாய். மடையா, அவருக்கு ஆள் இல்லை. பாதி ஊர் கல்லறையில் கிடக்கிறது. அவருக்கு நீ தேவைப்படுகிறாய், உனக்கு அவர் தேவையில்லை. இது உன் மண்டையில் ஏற இன்னொரு கொள்ளைநோய் வர வேண்டுமா?

உன் தயவு இனி எனக்கு வேண்டாம். வக்கீல் வேறு வழி சொல்லிவிட்டார். திருமணத்துக்கு முன் பிறந்தவன் சட்டத்தின் கண்ணில் யாருக்கும் மகன் இல்லை. யாருக்கும் மகன் இல்லாதவனுக்கு அப்பன் சொத்தும் வராது, அப்பனின் அடிமைத்தனமும் வராது. அவன் சுதந்திரன். அப்பாவும் அம்மாவும் கோயில் வாசலில் மோதிரம் மாற்றியது நான் பிறந்த பிறகுதான். சின்ன வயதில் நீயே அதைச் சொல்லி என்னைக் கேலி செய்து, அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறாய்.

நான் நீதிமன்றத்தில் அதைச் சொல்லப்போகிறேன். நீ நின்று என் ரத்தம் என்று சொல்லு, பரவாயில்லை. வேடிக்கையைப் பார். முறையாகப் பிறந்த நீ அடிமை. முறைதப்பிப் பிறந்த நான் சுதந்திரன்.

ஹாமோ


வெல்பரோ
1357, மூவரசர் திருநாள்

ஹாமோவுக்கு,

இனி உனக்கு "நீங்கள்" கிடையாது. சுகமும் விசாரிக்க மாட்டேன். சாமி எவ்வளவு சொன்னாலும் சரி.

உன் கடிதத்தைச் சாமி அடுப்படியில் வைத்துச் சத்தமாக வாசித்துவிட்டார். அம்மா இருந்தாள். வாசித்து முடிந்ததும் வாத்துகளுக்குத் தீனி போட எழுந்து போனாள். வாத்துகளுக்குக் காலையிலேயே தீனி போட்டாகிவிட்டது.

நீ ஊர் நடுவில், நீதிபதிக்கு முன்னால், பெற்றவளைப் பற்றி அப்படிச் சொல்லப்போகிறாய். எதற்காக? ஒரு தண்ணீர்ச் சக்கரத்துக்காக. அப்பா உன்னை மூத்த மகன் என்றுதான் சாகும்வரை சொன்னார். சந்தைக்கு உன்னைத்தான் கூட்டிப்போனார். உனக்குத்தான் முதல் ரொட்டி. எனக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. "சின்னவன் முறையாப் பொறந்தவன்" என்று அவர் என் தலையைத் தடவிச் சொல்வார். அதை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருஷம் இந்தச் சேற்றில் நிற்கிறேன். அப்பா பெயரைச் சொல்லி, தர்ஸ்டன் மகன் என்று என்னை யாராவது கூப்பிட்டால் இன்றைக்கும் எனக்கு முதுகு நிமிரும். உனக்கு அந்தப் பெயர் பழைய செருப்பு. கழற்றிப் போட்டுவிட்டாய்.

உன்னை வெறுக்கிறேன். இதை அப்படியே எழுதச் சொல்லிச் சாமியிடம் சொல்லியிருக்கிறேன்.

கில்பர்ட்

(அப்படியே எழுதினேன். ஆஸ்பர்ட்.)


வென்ஸ்போர்ட்
காணிக்கைத் திருநாளுக்கு மறுநாள்

மரியாதைக்குரிய கொழுந்தனாருக்குக் கிளாரிஸ் எழுதுவது.

நீங்களும் அத்தையும் நலம்தானே? இந்தக் கடிதம் உங்கள் அண்ணனுக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தை நான்தான் அவருக்கு வாசித்தேன். கடைசி வரியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விடவில்லை. அவர் சக்கரத்தை நிறுத்திவிட்டு நாள் முழுவதும் ஆலைக்குள் உட்கார்ந்திருந்தார்.

நான் யாருக்கும் அடிமையாகப் பிறந்தவள் இல்லை. பண்ணையாளைக் கட்டினால் என்ன ஆகும் என்று அப்பா எச்சரித்தார். நான் கேட்கவில்லை. அதற்கு நான் வருத்தப்படவில்லை. ஆனால் குழந்தை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அவள் இப்போதுதான் எழுந்து நிற்கப் பழகுகிறாள். வழக்குத் தோற்றால் உங்கள் பிரபுவின் கணக்கில் அவளும் ஒரு உருப்படி, கன்றுக்குட்டி மாதிரி. அவளை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்பதற்கும் அவரிடம் பணம் கட்டி அனுமதி கேட்க வேண்டும்.

உங்கள் அண்ணன் மீது உங்களுக்கு இருக்கும் கோபத்தில் பாதி நியாயம். அவர் இன்னும் நல்ல மாதிரி எழுதியிருக்கலாம். நான் எழுதியதில் சிலவற்றை மாற்றச் சொன்னேன், கேட்கவில்லை. கோபத்தை அவரிடம் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையிடம் வேண்டாம்.

கிளாரிஸ்


வெல்பரோ
சாம்பல் புதன்

ஹாமோவுக்கு,

உன் மனைவியின் கடிதம் வந்தது. அவள் உன்னைவிட நல்லவள் என்று தெரிகிறது. அதை அவளிடம் சொல்லாதே.

விசாரணைக்கு வருகிறேன். ஓடோ எனக்குப் புதுச் சட்டை கொடுத்திருக்கிறார். போகவர அவர் குதிரை வண்டி.

நேற்று அம்மா சாமியை வெளியே போகச் சொல்லிவிட்டு என்னிடம் ஒன்று சொன்னாள். அதை உனக்கு எழுத மாட்டேன்.

கில்பர்ட்

(என்ன சொன்னாள் என்று எனக்கும் தெரியாது. கதவு கனமானது. ஆஸ்பர்ட்.)


வென்ஸ்போர்ட்
1357, உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய வாரம்

அன்புள்ள அம்மாவுக்கு ஹாமோ எழுதுவது. ஆஸ்பர்ட் சாமி இதைத் தனியாக உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

நாங்கள் மூவரும் நலம். உங்கள் காலுக்கு வாத்துக் கொழுப்புத் தடவுகிறீர்களா?

கில்பர்ட் உங்களிடம் எதையும் சொல்லியிருக்க மாட்டான். அதனால் நான் சொல்கிறேன். நீதிமன்றத்தில் கூட்டம் பிதுங்கியது. நம் ஊர் ஆட்களும் நடுவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். நான் என் பிறப்பைப் பற்றிச் சொன்னேன். அதற்காக என்னை மன்னியுங்கள். ஆனால் என் வக்கீலின் முகம் சரியாக இல்லை. "சாட்சி இல்லாம இது நிக்காது" என்று காதில் சொன்னார். பிறகு ஓடோ கில்பர்ட்டை முன்னால் தள்ளினார். புதுச் சட்டை போட்டிருந்தான். தோள் கொள்ளவில்லை.

"இவன் உன் அண்ணனா?" என்று பிரபுவின் வக்கீல் கேட்டார்.

"ஆமாங்க. ஒரே வயித்துல பொறந்தோம்."

"நீ வெல்பரோ பிரபுவின் பண்ணையாள். ஒத்துக்கிறியா?"

அவன் என்னைப் பார்த்தான். அம்மா, அவன் கண்ணில் அன்பு என்று ஒரு துளி இல்லை. கொன்றுவிடுகிற பார்வை. பிறகு நீதிபதி பக்கம் திரும்பினான்.

"இல்லீங்க. நான் யாருக்கும் பண்ணையாள் இல்ல. எங்கம்மா அப்பா கோயில் வாசல்ல மோதிரம் மாத்திக்கிட்டப்போ இவன் அம்மா பாவாடையப் பிடிச்சுக்கிட்டு நின்னான். நான் அம்மா இடுப்புல இருந்தேன். இவன் எப்படியோ, நானும் அப்படித்தான்."

ஓடோ, "டேய், என்னடா உளர்ற?" என்று பாய்ந்தார். நீதிபதி அவரை உட்காரச் சொன்னார். அப்போது நடுவர்களில் ஒருவரான கிழவர் லியோஃப்ரிக் எழுந்தார். "பையன் சொல்றது நெசந்தான். கல்யாண விருந்துல இந்த கில்பர்ட்டுதான் என் மடியில மூத்திரம் போனான். அது என் ஒரே நல்ல உடுப்பு" என்றார். நீதிபதியே சிரித்துவிட்டார். ஆண்வழிச் சொந்தம் என்று நிறுத்திய ஒரே ஆளும் பண்ணையாள் இல்லை என்று ஆனதும் வழக்கு விழுந்தது.

அவனும் திருமணத்துக்கு முன் பிறந்தவன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கடிதத்தில் அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

வெளியே வந்ததும் ஓடோ அவனிடம், "முறையில்லாதவனுக்கு அப்பன் நிலம் கிடையாதுடா. சட்டையக் கழட்டு. இன்னைக்கே வீட்டக் காலி பண்ணு" என்றார். அவன் அந்த இடத்திலேயே சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் மேலோடு நடந்தான். குளிர் இருந்தது. நான் பின்னால் ஓடி, "தம்பி" என்றேன்.

"யாருக்கு யாருடா தம்பி?" என்றான். திரும்பிப் பார்க்கவில்லை.

உங்கள் மகன் ஹாமோ


வென்ஸ்போர்ட்
புனித அருளப்பர் திருநாள்

தம்பி கில்பர்ட்டுக்கு,

நீ எழுதவில்லை. சாமியும் எழுதவில்லை. வண்டிக்காரன் மூலம் கேள்விப்பட்டேன். நீயும் அம்மாவும் கோயில் வைக்கோல் கொட்டகையில் படுத்திருக்கிறீர்களாம். அங்கே ஏன் கிடக்க வேண்டும்? இங்கே வாருங்கள். ஆலையில் வேலை இருக்கிறது, மாடியில் அறை இருக்கிறது. நீ எனக்குச் செய்ததற்கு நான் எவ்வளவு செய்தாலும் தகும்.

இன்னொன்று. என் வக்கீல் எச்சரிக்கச் சொன்னார். தீர்ப்பு நம் பக்கம் என்றாலும் ஓடோ ஓய மாட்டார். நீயோ நானோ பொது இடத்தில் தர்ஸ்டனின் வாரிசாக நடந்துகொண்டால், அதைச் சாட்சியாக வைத்து வழக்கை மறுபடி கிளப்புவார். அப்போது இரண்டு பேருமே மாட்டுவோம், குழந்தையும் சேர்த்து. ஆகவே அப்பா பெயரைச் சொல்லாதே. யார் கேட்டாலும் அவர் மகன் என்று ஒப்புக்கொள்ளாதே. ஒரு பெயர்தானே, விட்டுவிடு.

பதில் எழுது. அம்மாவுக்காகவாவது எழுது.

ஹாமோ


வெல்பரோ
1357, கல்லறைத் திருநாளுக்கு மூன்றாம் நாள்

ஹாமோவுக்கு,

அம்மா நலம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இரண்டு மூன்று விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், பிறகு எழுத மாட்டேன்.

உன் ஆலைக்கு வர மாட்டேன். உனக்காக நான் அங்கே பேசினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கிளாரிஸின் குழந்தைக்காகப் பேசினேன். அம்மா அழுதுகொண்டே கேட்டாள் என்பதற்காகப் பேசினேன். "சின்னவனாவது முறையாப் பொறந்ததா இருக்கட்டும்னு உங்கப்பாதான் அப்படிச் சொல்லி வெச்சாரு. உன்னச் சந்தோஷப்படுத்தத்தான்டா" என்றாள். அதைக் கேட்ட பிறகு நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? நீ சொன்னது உண்மை என்பதற்காகத்தான் உன்னை இன்னும் அதிகமாக வெறுக்கிறேன்.

நிலத்தைப் பற்றி நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். வசந்தத்தில் அப்பாவின் நிலத்தை உழ ஓடோவுக்கு ஆள் கிடைக்கவில்லை. மாபில் குடும்பமும் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டது. பிரபுவின் ஆற்றோர வயல்கூட முள் மண்டிவிட்டது. அறுவடை முடிந்ததும் ஓடோ கொட்டகை வாசலுக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"கில்பர்ட், பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காத. உங்க வீட்டு நிலம் சும்மா கெடக்கு. நீயே செய்யேன்" என்றார்.

"எந்த முறையில?"

"முன்ன மாதிரிதான். வாரத்துக்கு மூணு நாள்."

"மூணு நாள் வேலைங்கறது தர்ஸ்டன் மகனுக்கு. அவன் இங்க இல்ல. நீங்கதானே காலி பண்ணச் சொன்னீங்க?"

போனார். நான்கு நாள் கழித்து மறுபடி வந்தார். முறைவேலை கிடையாது, சாவுவரி கிடையாது, வருஷக் குத்தகை மட்டும் என்று முடிந்தது. ஆற்றோர வயலையும் சேர்த்துக் கேட்டேன். கொடுத்தார். ஆள் இல்லாதபோது அவருக்கு நான் தேவைப்படுவேன் என்று நீ எழுதியிருந்தாய். அது சரியாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் கசக்கிறது.

பத்திரம் எழுதும்போது எழுத்தர், "யார் மகன்?" என்று கேட்டார். ஓடோ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பெயரைச் சொல்லி, "ஆவிஸ் மகன்" என்றேன். எழுத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். அதைத் தாங்கிக்கொண்டேன். நிலம் கிடைக்கிறதே என்று தாங்கிக்கொண்டேன்.

கல்லறைத் திருநாள் அன்று சாமி வழக்கம்போல் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டு மகன் முன்னால் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். நீ போன பிறகு ஒவ்வொரு வருஷமும் நான்தான் போனேன். இந்த வருஷமும் மெழுகுவர்த்தி வாங்கிக் கையில் வைத்திருந்தேன். சாமி "தர்ஸ்டன்" என்று வாசித்தார். முன்வரிசையில் நின்ற ஓடோ மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். கூட இரண்டு பேரை அழைத்து வந்திருந்தார், சாட்சிக்கு.

உன் கடிதம் நினைவுக்கு வந்தது. ஒரு பெயர்தானே என்று எழுதியிருந்தாய். உன் மகளும் நினைவுக்கு வந்தாள், நான் பார்த்திராத குழந்தை.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். சாமி இரண்டாம் தடவையும் வாசித்தார். கோயிலே என்னைப் பார்த்தது. அம்மா என் கையிலிருந்த மெழுகுவர்த்தியை வாங்கிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி தானே முன்னால் நடந்து போனாள்.

கில்பர்ட்

(இரண்டாம் தடவை வாசித்தது என் தவறு. அவன் வந்துவிடுவான் என்று நினைத்தேன். ஆஸ்பர்ட்.)